தராசுத் தாத்தா வீட்டுப் பட்டாணி

மார்ச் 8

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்களும் சம்பந்தியம்மாவும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததை மருமகள் சொன்னாள். உங்களோடு போனில் பேசலாம் என்றால், இத்தனை வருடம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பறிகொடுத்துவிட்டீர்கள். நான் கத்துவது தெருவுக்கே கேட்கிறது, உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. ஆகவே கடிதம்.

நம் பேத்தி வாண்டு விஷயத்தைத் தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது. நம் பிள்ளைகள் இருவருக்கும் அணை கட்டும் இடத்தில் ஒரு வருட வேலை. அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. அதுவரை வாண்டு என்னிடம் இருப்பதா உங்களிடம் இருப்பதா என்பதைப் பெரியவர்கள்தான் முடிவு செய்திருக்க வேண்டும். என் மகன் சாப்பாட்டு மேசையில் அவளிடமே கேட்டது அசட்டுத்தனம். எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? உங்கள் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "எந்தத் தாத்தா வீட்டுல பட்டாணி முதல்ல முளைக்குதோ அந்த வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தே தலை நரைத்தவன் நான். விதி இல்லாத போட்டி எனக்கு ஒத்துவராது. எனவே: ஒரே பொட்டலத்து விதை, ஆளுக்குப் பாதி. இங்கே விதைத்த மறுநாள்தான் உங்கள் வீட்டில் அவள் விதைத்தாள் என்பதால் உங்களுக்கு ஒரு நாள் சலுகை. மண்ணுக்கு மேல் பச்சை தெரிந்தால்தான் முளை, மண் விரிசல் விட்டதெல்லாம் கணக்கில் வராது. கண்ணாடி போட்டு மூடிச் சூடேற்றக் கூடாது.

இங்கே குளிர் விட்டுவிட்டது. பிளம்ஸ் மரம் மொட்டு வைத்திருக்கிறது. வேலியில் ஒரு கருங்குருவி குச்சியைக் கொண்டுவருவதும், பிடிக்காமல் கீழே போடுவதுமாக இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நான் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்தில் சும்மா நிற்பது. என் வீட்டுக்காரி இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

வாண்டுவுக்கு மாடி அறையை ஒழித்து வைத்துவிட்டேன். யார் வீட்டில் முளைத்தாலும் சந்தோஷம்தான். இருந்தாலும் அறை தயாராக இருக்கட்டுமே.

அன்புடன்,
சம்பந்தி

மார்ச் 17

மாண்புமிகு தராசுத் தாத்தா அவர்களுக்கு,

பஸ் தாத்தா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் விதிமுறைகளைப் படித்ததும் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். எங்கே, பாத்திக்கும் முத்திரை குத்த வந்துவிடுவீர்களோ என்று பயம்.

எங்கள் தோட்டம் உங்கள் தோட்டம் மாதிரி இல்லை. குடியிருப்புக்குப் பின்னால், கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலம். யாரோ எப்போதோ கொட்டிய சரளைக்கல்லைப் பொறுக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆனாலும் சம்பந்தி, இந்த மாதத்து வெயில் முதுகில் படும்போது வருகிற சுகம் இருக்கிறதே, ஸ்டியரிங் பிடித்த காலத்தில் ஒரு நாள் கூட அதை அனுபவித்ததில்லை. அப்போதெல்லாம் வெயில் என்றால் கண்ணாடியில் அடித்துக் கண்ணைக் கூச வைக்கும், அவ்வளவுதான். இப்போது வீட்டம்மாவுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி. அவள் செடிகளின் பெயரைக் கேட்பாள், நான் சொல்வேன். திரும்பவும் கேட்பாள், திரும்பவும் சொல்வேன். எனக்கும் வேறு என்ன வேலை?

பட்டாணி இங்கே தலைகாட்டவில்லை. இந்த மண்ணுக்கு ரோஷம் கிடையாது. நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள் என்றுதான் தோன்றுகிறது. மாடி அறைக்கு நல்ல திரையாகப் பார்த்து மாட்டுங்கள், பிள்ளைக்குக் காலை வெளிச்சம் முகத்தில் அடித்தால் பிடிக்காது.

இப்படிக்கு,
பஸ் தாத்தா

மார்ச் 22

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். இங்கே முளைத்துவிட்டது.

காலையில் போய்ப் பார்த்தேன். வரிசையாக, நேராக, நல்ல பச்சையில் நிற்கின்றன. படம் எடுத்து வாண்டுவுக்கு அனுப்பினேன். மகனும் மருமகளும் பார்த்துவிட்டார்கள். முடிவாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். இளவேனில் விடுமுறைக்கு அவளை இங்கேயே கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறேன், இடம் பழகட்டும் என்று.

உங்களுக்கு வருத்தம் இருக்கும். மண் அமைவதைப் பொறுத்தது இது, யார் மீதும் குற்றமில்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அன்புடன்,
சம்பந்தி

மார்ச் 28

சம்பந்தி அவர்களுக்கு,

வாழ்த்துகள். மனதார எழுதுகிறேன். வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை, உங்கள் வீட்டில் பிள்ளை சௌகரியமாக இருப்பாள்.

மகள் படத்தை எனக்கும் அனுப்பினாள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தேன். என்ன சம்பந்தி இது, முளைத்த அன்றைக்கே ஒவ்வொன்றும் விரல் நீளம், பக்கத்துக்கு மூன்று இலை! எங்கள் டிப்போவில் ஒரு கண்டக்டர் இருந்தான். வண்டி கிளம்பும் முன்பே அடுத்த நிறுத்தத்துக்கு விசில் கொடுப்பான். உங்கள் பட்டாணி அவனுக்குச் சொந்தமோ?

சும்மா கேலிக்குத்தான். மகளிடமும் இதையே சொல்லிச் சிரித்தேன்.

பஸ் தாத்தா

ஏப்ரல் 3

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கேலியை ரசிக்க முடியவில்லை. அதை மருமகள் காதிலும் போட்டிருக்கிறீர்கள்.

என் உத்தியோக காலம் முழுக்க ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக் குடிக்காதவன் நான். என்னைப் பார்த்ததும் கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைப்பார்கள். அப்படிப்பட்டவனை இந்த வயதில் விசில் ஊதும் கண்டக்டரோடு சேர்த்துப் பேசுவது அழகில்லை. தோற்றவர்கள் தோற்றதை ஒத்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை வாய் திறக்கவில்லை. போன முறை என் வீட்டில் சம்பந்தியம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அதன் மேல் எதையும் வைக்காமல் அப்படியே தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். நான்தான் போய் அணைத்தேன். அடுப்பில் கவனம் இல்லாத வீட்டில் ஒரு குழந்தையை எப்படி விடுவது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பட்டாணி அந்தக் கேள்வியை மிச்சப்படுத்திவிட்டது.

சம்பந்தி

ஏப்ரல் 20

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுதாதது சரிதான். அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுத முடியும்? நான் எழுதியது கடிதமே அல்ல, திருடன் போடுகிற சத்தம்.

பட்டாணி முளைக்கவில்லை. நாற்றுப் பண்ணையில் வாங்கி வந்து நட்டேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். கழுவ என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த பிறகு எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உங்களுக்கு ஒரு நாள் சலுகை வேறு கொடுத்துத் தொலைத்தேனே, இன்றைக்கோ நாளைக்கோ உங்கள் வீட்டில் முளைத்துவிடும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாடி அறையில் போய்ப் போய் நின்றேன். இந்த வீட்டில் காலையில் நான் எழுந்தால்தான் சத்தம், நான் உட்கார்ந்தால் சத்தமே கிடையாது. தோட்டத்தில் சும்மா நிற்பது சுகம் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? உள்ளே போகப் பிடிக்காமல்தான் நிற்கிறேன்.

நாற்று வைக்கக் குழி தோண்டியபோது அவள் போட்ட விதைகள் கையில் வந்தன. எல்லாம் முளை விட்டிருந்தன சம்பந்தி. வெள்ளையாக, வளைந்து, மேலே வருவதற்குத் தயாராக இருந்தன. பொறுத்திருந்தால் போதும். அதைப் பார்த்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். நாற்றை வாங்கிவிட்டோமே என்று, அந்த முளைகளைக் கிள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு நட்டேன். ஒரு தராசு சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அதற்கு அடியில் கல்லை ஒட்டியவனை நான் என் வாழ்நாளில் பிடித்ததில்லை. அப்படி ஒரு முட்டாளை நான் சந்தித்ததே இல்லை.

வாண்டு விடுமுறைக்கு வந்தாள். வந்த முதல் நாளே பாத்தியைப் பார்க்க ஓடினாள். நான் சமையலறையில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பண்ணைத் தட்டில் வளர்ந்த நாற்றுக்கு வேர், தட்டின் குழி மாதிரியே சதுரமாக இருக்கும். அவள் உள்ளே வந்து, "தாத்தா, இது மட்டும் ஏன் கட்டம் கட்டமா இருக்கு?" என்று கேட்டாள். உப்பு டப்பாவைத் திறந்து மூடினேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் அந்தச் செடியை இருந்த இடத்திலேயே வைத்து மண்ணை அமுக்கிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் மருமகள் போன் செய்தாள். உங்கள் கேலி அவள் மனதில் தங்கியிருக்க வேண்டும். "செடிய நல்லாப் பார்த்தியா? நீ போட்ட விதையா அது?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. என் பேத்தி என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்: "நான் தோண்டிப் பார்த்தேம்மா. நான் போட்ட விதை அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு." போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நான் யார்கிட்டயும் சொல்லல தாத்தா, நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் சொன்ன பொய்யைத் தொட்டுக்கொண்டு, தட்டைக் காலி செய்தேன்.

பக்கத்தில் ஒரு குழந்தை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் குழந்தையைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சம்பந்தியம்மாவைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை கூட எனக்கு இல்லை. வாண்டு உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் நானே சொல்லிவிடுகிறேன், தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.

சம்பந்தி

ஏப்ரல் 25

அன்புள்ள சம்பந்திக்கு,

பாத்தியில் மண் வெட்டிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. கையைக் கூடத் துடைக்காமல் படித்தேன், காகிதத்தில் அழுக்கு அப்பியிருக்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்டதைப் படிக்கப் படிக்க எனக்கு உடம்பு கூசியது. நிறுத்துங்கள் சம்பந்தி. நீங்கள் தோற்கடித்தது ஓடாத வண்டியை.

எங்கள் வீட்டில் முளைத்துவிட்டது. இங்கே தலைகாட்டவில்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அதற்கு முந்தின நாளே முளைத்துவிட்டது. நான் அதன் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தேன்.

பேத்தி வேண்டாம் என்று சொல்லுகிற தாத்தா உண்டா? உண்டு. உங்களுக்குக் கடிதம் எழுதுகிறான். வீட்டம்மாவுக்கு மறதி என்று லேசாகச் சொல்லிக்கொண்டு இருந்தேன். அது மறதி இல்லை, வியாதி. அதற்கு டாக்டர் ஒரு பெயரும் சொல்லிவிட்டார். தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மககிட்ட சொல்லிடாதீங்க, வேலைய விட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துடுவா" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். சொன்னால் அவளுக்குத் துரோகம், சொல்லாமல் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டால் பிள்ளைக்குத் துரோகம். பட்டாணி என் வீட்டில் முளைக்காமலே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அடுப்பைப் பற்றி நீங்கள் எழுதியபோது கோபம் தலைக்கேறியது. உண்மையை எழுதிவிட்டீர்களே என்ற கோபம். அதனால்தான் பதில் எழுதவில்லை.

வாளி விஷயம் இன்னும் முடியவில்லை. வீட்டம்மா தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய் அந்த வாளியைத் தூக்கிவிடுவாள். அடியில் மஞ்சளாக வெளுத்துக் கிடப்பதைப் பார்ப்பாள். உடனே என்னைக் கூப்பிடுவாள்: "இங்க வந்து பாருங்களேன்! நம்ம குட்டி போட்ட பட்டாணி முளைச்சிருக்கு! யாரோ பாவி வாளியக் கவுத்து வச்சிருக்கான்!" முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். நானும் "அடடே, ஆமா" என்பேன். அவள் உள்ளே போனதும் திரும்பக் கவிழ்த்துவிடுவேன். மறுநாள் அவளுக்கு அது மறந்திருக்கும், திரும்பவும் தூக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். அவள் மறதியை நம்பியே இத்தனை நாள் அவளை ஏமாற்றியிருக்கிறேன். உங்கள் நாற்று இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "நான் யார்கிட்டயும் சொல்லல தாத்தா." இதே வார்த்தையைக் குட்டி என்னிடமும் சொல்லியிருக்கிறாள். விதைத்த அன்றைக்கு அவளை வீட்டம்மாவோடு பூங்காவுக்கு அனுப்பினேன். வீட்டம்மா மட்டும் தனியாகத் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். "குட்டி எங்கே?" என்றால், "எந்தக் குட்டி?" என்கிறாள். நான் ஓடினேன். பிள்ளை தெரு முனையில் தானாகவே நடந்து வந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள். "பாட்டிக்கு மறந்துடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க."

கிழவர்கள் ரெண்டு பேர் சம்பந்தி நாம், ஆளுக்கொரு மூட்டையை அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருக்கிறோம்.

வாளியை எடுத்துவிட்டேன். மகளிடம் இந்த ஞாயிறு நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். நீங்கள் உங்கள் பங்கைச் சொல்லுங்கள்.

பஸ் தாத்தா

மே 4

அன்புள்ள சம்பந்திக்கு,

சொல்லிவிட்டேன். உங்கள் விஷயத்தை நான் தொடவில்லை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நீங்கள் போய்ச் சொன்னதை மருமகளின் குரலிலேயே தெரிந்துகொண்டேன். அழுதிருக்கிறாள். ஆனால் உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விடுமுறை முடியாததால் வாண்டு இன்னும் இங்கேதான் இருக்கிறாள், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் போன் செய்தேன். மகனும் மருமகளும் கேட்டார்கள். நாற்று வாங்கியது, முளையைக் கிள்ளி எறிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மகன் "அப்பா" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். மருமகள்தான் பேசினாள். "அவ பொய் சொல்றான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது மாமா. அவ குரல் எனக்குத் தெரியாதா? உங்களை வச்சுக்கிட்டு அவளைக் கேக்க வேணாம்னு விட்டுட்டேன்." மரியாதையாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

வாண்டு அழவில்லை. போனை வைத்ததும், "நீங்க சொல்லப் போறீங்கன்னா அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல? நான் எதுக்கு அம்மாகிட்ட பொய் சொன்னேன்?" என்று கேட்டாள். "தப்பு தாத்தாவோடது, உன்னோடது இல்லை" என்றேன். அதை அவள் காதில் வாங்கவில்லை. "இனிமே நீங்க எது சொன்னாலும் நான் தோண்டிப் பாக்கணுமா?" என்றாள்.

தோண்டிப் பார் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

இனி பட்டாணியை வைத்து முடிவு செய்ய வேண்டாம், எங்கே இருக்க இஷ்டம் என்பதை அவளே வாயால் சொல்லட்டும், அவசரமில்லை என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். அவள் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சம்பந்தியம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டால் என்ன? கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது. பிளம்ஸ் பூவெல்லாம் கொட்டித் தரை வெள்ளையாகக் கிடக்கிறது. அவர்கள் செடிகளின் பெயரைக் கேட்டால், உங்களுக்கு அலுத்துப்போகும் நேரங்களில் நான் சொல்கிறேன். அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை.

பாத்தியில் இருந்த நாற்றையெல்லாம் அவள் பிடுங்கிப் போட்டுவிட்டாள். நான் கொடுத்த விதையை வாங்காமல், அப்பா அனுப்பிய பொட்டலத்திலிருந்து எடுத்துத் தானே புதிதாக விதைத்தாள். என்னைத் தொட விடவில்லை. தினமும் காலையில் போய் ஒவ்வொரு விதையையும் தோண்டி எடுத்துப் பார்க்கிறாள், திரும்ப மூடுகிறாள். நான் எதுவும் மாற்றி வைத்திருக்கிறேனா என்று சோதிக்கிறாள். தினமும் தோண்டினால் எந்த விதையும் முளைக்காது. அதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வருகிறது. சொன்னால், தோண்டவிடாமல் தடுக்கத்தான் சொல்கிறேன் என்று நினைப்பாள். அப்படி நினைக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஜன்னலுக்கு உள்ளேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சம்பந்தி